1792 நியூயார்க் கவர்னர் தேர்தலில் தனக்கு விழுந்த வாக்குகள் தள்ளப்பட்டும் ஜான் ஜே ஏன் எதிர்த்து நிற்கவில்லை?

எதிர்ப்பதற்கு அவரிடம் காரணம் நிறையவே இருந்தது. சட்டத்தில்தான் வழி இல்லை. சட்டத்துக்கு வெளியே போக அவருக்கு மனமும் இல்லை. கிளர்ச்சியில் பிறந்து இருபது ஆண்டுகூட ஆகாத நாட்டில் இது சாதாரண முடிவு அல்ல என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் மாநில கவர்னர் நியமனப் பதவி அல்ல. நியூயார்க்கில் அப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை நேரடித் தேர்தல் நடந்தது. ஆனால் 100 பவுண்டு மதிப்புக்குச் சொந்த நிலம் வைத்திருந்தவருக்குத்தான் ஓட்டு. 1777 முதல் ஜார்ஜ் கிளிண்டனே அந்த நாற்காலியில் இருந்தார். 1789-ல் வெறும் 429 வாக்கில் தப்பித்தவரை எதிர்த்து, 1792-ல் பெடரலிஸ்ட் கட்சியினர் ஜான் ஜேயை நிறுத்தினார்கள். ஜே அப்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. பதவியில் இருந்தபடியே போட்டியிட்டார். நில வியாபாரி அலெக்சாண்டர் மேக்கோம்புக்கு 36 லட்சம் ஏக்கருக்கு மேல் அரசு நிலத்தை ஏக்கர் 8 பென்ஸுக்கு விற்ற விவகாரம் கிளிண்டன் மேல் விழுந்தது. ஜே அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருந்ததைச் சொல்லி, அடிமை வைத்திருந்தவர்களை அவருக்கு எதிராகத் திருப்பப் பார்த்தார்கள்.

ஏப்ரலில் வாக்குப்பதிவு. அந்தக் காலத்தில் சீட்டுகளை ஊரிலேயே எண்ண மாட்டார்கள். ஊர் அதிகாரிகள் பெட்டியை முத்திரையிட்டுக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரீஃபிடம், அதாவது அதன் சட்டம் ஒழுங்கு அதிகாரியிடம், கொடுக்க வேண்டும். அவர் நேரிலோ தன் துணை அதிகாரி மூலமோ மாநிலச் செயலர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் வந்த 12 பேர் குழு அங்கே எண்ணும். அந்தக் குழு சொல்வதே இறுதி. எண்ணி முடித்ததும் சீட்டுகளை எரித்துவிடுவார்கள்.

சிக்கல் ஆட்சிகோ கவுண்டியில் வந்தது. பழைய ஷெரீஃப் ரிச்சர்ட் ஸ்மித்தின் பதவிக்காலம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. மார்ச் கடைசியில் புது ஷெரீஃப் நியமிக்கப்பட்டார், ஆனால் மே மாதம் வரை பொறுப்பேற்கவில்லை. இடைப்பட்ட நாளில் வந்த பெட்டிகளை ஸ்மித்தே வாங்கி அனுப்பிவைத்தார். அனுப்பியவர் ஷெரீஃபே இல்லை, ஆகவே வாக்கு செல்லாது என்றார்கள் குழுவில் 7 பேர். டையோகா, கிளிண்டன் என்ற வேறு இரண்டு கவுண்டிகளின் பெட்டிகளும் கொண்டுவந்த ஆளுக்கு முறையான அதிகாரம் இல்லை என்று தள்ளப்பட்டன.

இங்கேதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஷெரீஃபுகளை நியமிக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தவர் கவர்னர் கிளிண்டன். நியமனத்தில் விழுந்த இடைவெளிக்குத் தண்டனை ஆட்சிகோ விவசாயிக்கு! அந்த 7 பேரில் ஒருவர், கிளிண்டனோடு துணை கவர்னர் பதவிக்கு நின்ற வான் கோர்ட்லண்டின் மகன். அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் நியூயார்க்கின் உறுப்பினர்களாக இருந்த இருவரிடம் கருத்துக் கேட்டார்கள். ரூஃபஸ் கிங் எண்ணலாம் என்றார். ஆரன் பர் ஆட்சிகோ வாக்கு செல்லாது என்றார். குழு பர்ரின் கருத்தைப் பிடித்துக்கொண்டது.

முடிவு: கிளிண்டன் 8,440, ஜே 8,332. வித்தியாசம் 108. ஆட்சிகோ ஜேயின் கோட்டை. அந்தப் பெட்டி ஒன்றைத் திறந்திருந்தாலே அவர்தான் கவர்னர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஆட்சிகோவில் எல்லாம் சுத்தமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. கூப்பர்ஸ்டவுனை உருவாக்கிய நீதிபதி வில்லியம் கூப்பர், தன்னிடம் நிலம் வாங்கியவர்களை மிரட்டி ஓட்டு வாங்கினார் என்ற புகார் வலுவாகவே இருந்தது. ஆனால் பெட்டியைத் தள்ளியதற்குக் குழு சொன்ன காரணம் அது அல்ல.

ஜே அப்போது நீதிமன்றப் பணியாக வெர்மான்ட் பக்கம் போயிருந்தார். திரும்பும் வழியெல்லாம் ஊர் ஊராக மக்கள் கூடி, நீங்கள்தான் எங்கள் கவர்னர் என்று வரவேற்றார்கள். தனி மாநாடு கூட்டி முடிவை மாற்றலாம் என்ற பேச்சும் கிளம்பியது. பெடரலிஸ்ட் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனே அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்துக்கும் மற்ற சட்டங்களுக்கும் தெரியாத வழியில் இதைத் திருப்ப முயல்வது சரியல்ல என்று கிங்குக்கு எழுதினார். ஜே தன் மனைவி சாராவுக்கு எழுதியது இன்னும் ஒரு படி மேல்: இன்னும் சில வருஷத்தில் எல்லோரும் மண்ணாகிவிடுவோம், அப்போது மாநிலத்தை ஆண்டேனா என்பதைவிட என்னை நான் ஆண்டேனா என்பதுதான் எனக்கு முக்கியமாக இருக்கும். தோற்ற ஆள் மேடையில் பேசிய பேச்சு என்றால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். வீட்டுக்கு எழுதிய கடிதம் என்பதால் நம்புகிறேன்.

அவர் கூட்டத்தைத் தூண்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தோற்கும் தரப்பு ஒவ்வொரு முறையும் தெருவுக்கு வரும் வழக்கம் அங்கேயே தொடங்கியிருக்கலாம். ஜே மூன்று வருஷம் பொறுத்தார். 1795-ல் கிளிண்டன் நிற்கவில்லை. பிரிட்டனோடு ஒப்பந்தம் பேச லண்டன் போயிருந்த ஜே, ஊர் திரும்பும்போது கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1799-ல் நியூயார்க்கில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.