ஒரகடத்தில் முதல் இன்டர்வியூ: மோட்டார் கொட்டகையிலிருந்து தொடங்குங்கள்

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அடுத்த வாரம் டிரெய்னி வேலைக்கு இன்டர்வியூ. "பத்தாவது வரை தமிழ் மீடியம் சார், இங்கிலீஷில் கேட்டால் வாய் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்தது. புராஜெக்ட் ஐந்து பேர் சேர்ந்து வெளியில் வாங்கினோம். அப்பாவுக்கு விவசாயம், மோட்டார் ரிப்பேரானால் நான்தான் பார்ப்பேன். வேறு அனுபவம் எதுவும் இல்லை. எப்படித் தயாராவது?" என்று கேட்கிறார்.

கடிதத்தில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை அவரே ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். மோட்டார் ரிப்பேர். அதற்குப் பிறகு "வேறு அனுபவம் எதுவும் இல்லை" என்கிறார்!

இருபது வருடத்துக்கு மேல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் யூடியூபில் மனப்பாடம் செய்த நாலு வரியை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பையன்களை ஒரு நாளைக்கு முப்பது பேர் பார்ப்போம். ஐந்தாவது ஆளுக்கு மேல் காதில் விழாது. கண் விழிப்பது எப்போது என்றால், ஒருவன் தன் கையால் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பேசும்போதுதான்.

அப்படிப் பேசுவது எப்படி? உதாரணத்துக்கு: "எங்கள் கிணற்றில் மோனோபிளாக் பம்பு சார். ஒருநாள் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. பிரைமிங் செய்ய தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதே பைப்பின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை என்று தெரிந்துவிட்டது. பைப்பைத் தூக்கிப் பார்த்தால் வால்வில் குச்சி சிக்கியிருந்தது. எடுத்துக் கழுவி, வாஷரும் மாற்றினேன்." அரை நிமிடம்கூட ஆகாது. என்ன கோளாறு, எதைப் பார்த்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன செய்தேன் எல்லாம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் நடந்தது வேறாக இருக்கும், அதைச் சொல்லுங்கள். என் கதையைக் கடன் வாங்காதீர்கள்.

ஏனென்றால் உடனே அடுத்த கேள்வி வரும். "பிரைமிங் எதற்கு?" பம்புக்குள் காற்று இருந்தால் இம்பெல்லர் (உள்ளே சுற்றும் சக்கரம்) என்னதான் சுற்றினாலும் தண்ணீரை மேலே இழுக்கிற அளவுக்கு அழுத்த வேறுபாடு உண்டாகாது, காற்றின் அடர்த்தி அவ்வளவு குறைவு. இது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கொட்டகையில் செய்த வேலைக்கும் படித்த பாடத்துக்கும் முடிச்சுப் போடத் தெரிந்தவனைக் கைநழுவ விட எந்த சூப்பர்வைசருக்கும் மனசு வராது.

வாங்கிய புராஜெக்ட் விஷயம். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. தம்பி, "நாங்களே டிசைன் செய்தோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஷாஃப்ட் (சுழலும் தண்டு) விட்டம் ஏன் அந்த அளவு, பேரிங் நம்பர் என்ன என்று இரண்டு கேள்வியில் சாயம் வெளுத்துவிடும். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே. புராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்து, அது எப்படி இயங்குகிறது, எந்தப் பாகம் எந்தப் பொருளில் செய்யப்பட்டது, எங்கே பழுதாகும் என்று உட்கார்ந்து படியுங்கள். கேட்டால் "ஃபேப்ரிகேஷன் வெளியில் கொடுத்தோம் சார், வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும்" என்று சொல்லி விளக்குங்கள். அரியரும் அப்படித்தான். எந்தப் பாடம், எப்போது முடித்தீர்கள், இரண்டு வாக்கியம் போதும். அதற்கு ஒரு வைரஸ் காய்ச்சல் கதை வேண்டாம். ஆனால் அந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வரலாம், அதைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

டெக்னிக்கல் கேள்விகளுக்கு ஆறு செமஸ்டரையும் புரட்ட வேண்டாம். உற்பத்திப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அளவெடுக்கத் தெரியுமா, டிராயிங் படிக்கத் தெரியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வெர்னியர் அளவுகோலைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். வாங்கியதும் தாடையைத் துடைத்து, மூடி, சைபர் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. 49 மி.மீ. நீளத்தை 50 பாகமாகப் பிரித்திருப்பதால் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. மைக்ரோமீட்டரில் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5, திம்பிளில் (சுற்றுகிற உருளையில்) 50 கோடு, 0.5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.01. எண்ணை மட்டும் சொன்னால் "எப்படி வந்தது?" என்பார்கள், அதனால் கணக்கோடு தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. டிராயிங்கில் ஷாஃப்ட் விட்டம் 25 ± 0.05. கையில் இருக்கும் பீஸ் 24.94. என்ன செய்வாய்? 24.95 முதல் 25.05 வரைதான் பாஸ், ஆகவே ரிஜெக்ட் என்று பலரும் சரியாகச் சொல்வார்கள். "ரீவொர்க் செய்யலாமா?" என்று கேட்டதும்தான் தடுமாற்றம். ஷாஃப்ட் சிறுத்துவிட்டது, இனி கடைந்தால் இன்னும் சிறுக்கும், அதனால் ஸ்கிராப். 25.08 என்றால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம். இதே கணக்கு துளைக்கு அப்படியே தலைகீழ்: துளை 24.94 என்றால் பெரிதாக்கலாம், 25.08 என்றால் போச்சு. இதோடு "அந்த பீஸைத் தனியாக எடுத்து ரிஜெக்ட் பீஸ் போடுகிற சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்வேன், முன்னால் ஓடிய பீஸ்களையும் அளந்து பார்ப்பேன்" என்று ஒருவன் சேர்த்துச் சொன்னால், அவனை செலக்ட் செய்ய நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். பேர், ஊர், படிப்பு, இந்த மூன்றையும் இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், நண்பனிடம் சொல்லுங்கள். அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். டெக்னிக்கல் விஷயம் வரும்போது "சார், தமிழில் சொல்லலாமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. டாலரன்ஸ், கிளியரன்ஸ், ஃபீட், ஸ்பீடு எல்லாம் எப்படியும் இங்கிலீஷில்தான் வரப்போகிறது. எதிரே தமிழ் தெரியாத மேனேஜர் இருந்தால், சின்னச் சின்ன வாக்கியம். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், உளறுவதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

வீட்டு நிலைமை பற்றிக் கேட்பார்கள். விவசாயம் என்று நேராகச் சொல்லுங்கள். "கஷ்டப்படுகிற குடும்பம் சார், பார்த்துச் செய்யுங்கள்" என்ற ரீதியில் மட்டும் போகாதீர்கள். நைட் ஷிஃப்ட் வருவாயா, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்வாயா என்பது நிச்சயம் வரும். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், சேர்ந்த மூன்றாம் வாரம் ஓடுவதை விட நல்லது.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பெரும்பாலும் பையன்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். கேளுங்கள்: இது கம்பெனி ரோலா (கம்பெனியின் நேரடி வேலை), கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா (பயிற்சி மட்டும்)? 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கம்பெனிக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் கதை வேறு. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, பஸ், கேன்டீன், தங்குமிடம் உண்டா என்பதையும் கேட்கலாம். இடையில் ஏஜென்சி என்று ஒருவர் வந்து டெபாசிட் கட்டச் சொன்னாலோ, ஒரிஜினல் சான்றிதழை வைத்துவிட்டுப் போகச் சொன்னாலோ, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அயர்ன் செய்த சட்டை, பேன்ட், ஷூ. ஷாப் ஃப்ளோருக்குள் கூட்டிப்போக வாய்ப்பு உண்டு, செருப்போடு விடமாட்டார்கள். சுற்றுகிற மெஷின் பக்கம் மோதிரமும் கைக்கயிறும் ஆகாது என்பதால் முடிந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோடுகளுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: சான்றிதழ் ஒரிஜினல்கள், இரண்டு செட் நகல், போட்டோ, ஆதார், பேங்க் பாஸ்புக். அப்புறம் ஒன்று, இதை இன்றைக்கே பாருங்கள்: மார்க் ஷீட்டில் பெயரும் இன்ஷியலும் எப்படி இருக்கிறதோ, ஆதாரிலும் அப்படியே இருக்கிறதா? ஒன்றில் இன்ஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால், வேலை கிடைத்த பிறகு பி.எஃப். கணக்கில் இழுத்தடிக்கும்.

திண்டிவனத்திலிருந்து வருகிறவர் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் அங்கேயே ஒரகடம் சாலை பிரிகிறது. அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் கம்பெனி கேட் எங்கே என்று தேடவே அரை மணி ஆகும், அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.