கேள்வி–பதில்: ஷெர்சருக்குக் கொடுத்த காசு வீணா?

கேள்வி (ஸ்காபரோ வாசகர் ஒருவர்): 2025 சீசனுக்கு மட்டும் பிட்சர் (பந்து எறிபவர்) மக்ஸ் ஷெர்சருக்கு ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ் 15.5 மில்லியன் டொலர் கொடுத்தது. 41 வயது, சீசனில் பெரும்பகுதி காயம். நான் வீண் காசு என்கிறேன், மகன் நல்ல பேரம் என்கிறான். வீட்டில் இன்னும் இந்தச் சண்டை ஓயவில்லை. யார் சரி?

பதில்: செப்டெம்பர் முடிவோடு கணக்கை மூடினால் நீங்கள் சரி. ஒக்டோபரில் நடந்த பிளே ஓஃபையும் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகள்) சேர்த்தால் நான் உங்கள் மகன் பக்கம்.

முதலில் உங்கள் கணக்கு. மார்ச் 29 அன்று ரொறன்ரோவில் தன் முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் எறிந்துவிட்டு வெளியேறியவர், வலது கைப் பெருவிரல் பிரச்சினையால் ஜூன் கடைசி வரை திரும்பவில்லை. மொத்தம் 17 ஆட்டங்கள், 85 இன்னிங்ஸ். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ் என்றால் மூன்று அவுட். ஆக 255 அவுட். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 61,000 டொலர். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.19. நாலு சொச்சம் இருந்தாலே நடுத்தர பிட்சர் என்பார்கள். இதற்கு மேல் வரி வேறு. அந்த ஆண்டு சம்பளப் பட்டியல் 241 மில்லியனைத் தாண்டிய அணிகள் லீக்குக்கு வரி கட்டவேண்டும், ஜேய்ஸ் தாண்டியிருந்தது.

செப்டெம்பர் 19 கன்சாஸ் சிட்டி ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முதல் இன்னிங்ஸையே அவர் முடிக்கவில்லை, அதற்குள் 7 ஓட்டங்கள். ஜேய்ஸ் 20–1 என்று தோற்றது. பிளே ஓஃப் தொடங்கியபோது யாங்கீஸுக்கு எதிரான தொடரில் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் நானும் வீண் காசு என்றுதான் எழுதியிருப்பேன்.

ஆனால் அதற்கு அடுத்த தொடரை யோசித்துப் பாருங்கள். சியாட்டிலோடு ஏழு ஆட்டத் தொடர், முதலில் நாலு வெல்பவருக்குத் தொடர். ஆட்டத்தைத் தொடங்க கோஸ்மன், யெசவேஜ், பீபர் என்று மூன்று பிட்சர்கள் இருந்தார்கள். ஐந்து ஆட்டத் தொடரை மூன்று பேரை வைத்துச் சமாளிக்கலாம், ஏழு ஆட்டத் தொடருக்கு நாலாவது ஆள் வேண்டும். ஜேய்ஸ் 2–1 என்று பின்தங்கி நிற்கிறது, நாலாவது ஆட்டம் சியாட்டிலில், பந்து ஷெர்சர் கையில். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனதும் ஜேய்ஸ் மனேஜர் ஜோன் ஷ்னைடர் அவரை மாற்ற, பிட்சர் நிற்கும் மேட்டை நோக்கி நடந்து வந்தார். ஷெர்சர் அவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார், பந்தைக் கொடுக்கவில்லை. ஷ்னைடர் திரும்பிப் போனார். அடுத்து வந்த சியாட்டில் மட்டையாளர் அரோசரேனாவை ஷெர்சர் ஸ்ட்ரைக்கவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். மொத்தம் ஐந்தே முக்கால் இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டே ஓட்டங்கள். ஜேய்ஸ் 8–2 என்று வென்று தொடரைச் சமன் செய்தது. அந்த ஆட்டம் போயிருந்தால் தொடரில் 3–1 என்று பின்தங்கியிருக்கும். அதிலிருந்து எழும்பி வருவது மிகவும் கஷ்டம்.

பிறகு நவம்பர் 1, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜேய்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்ற 1993க்குப் பிறகு இந்த நகரம் காத்திருந்த இரவு. தொடங்கியது ஷெர்சர்தான். எதிரணி டொட்ஜர்ஸின் அந்த மட்டையாளர் வரிசைக்கு எதிராக ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் வரை எறிந்து, ஒரு ஓட்டம் மட்டும் கொடுத்து, 3–1 என்று முன்னிலையில் விட்டுவிட்டு இறங்கினார். பதினொன்றாவது இன்னிங்ஸில் 5–4 என்று தோற்றதற்கு அவர் பொறுப்பில்லை. 2012இல் டெட்ரோயிட், 2019இல் வாஷிங்டன், 2023இல் டெக்சாஸ் என்று ஏற்கனவே மூன்று அணிகளுக்கு உலகத் தொடரில் எறிந்தவர். அப்படியொருவரைத்தான் ஜேய்ஸ் வாங்கியது. 85 இன்னிங்ஸ் அதோடு சேர்ந்து வந்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிளே ஓஃப் பக்கமே போகாத அணி இதே ஒப்பந்தத்தைப் போட்டிருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, அது வீண் காசுதான்.

கேள்வி (மார்க்கம் வாசகி): காயத்தில் வீட்டில் இருந்த மாதங்களுக்குச் சம்பளம் வெட்டமாட்டார்களா?

பதில்: ஒரு சதம்கூட வெட்டமாட்டார்கள். மேஜர் லீக்கில் (ஜேய்ஸ் ஆடும் உயர்மட்டப் பேஸ்போல் லீக்) இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் உத்தரவாதம் உள்ளவை. அதனால்தான் நாற்பதைத் தொட்டவர்களுக்கு அணிகள் ஒரு வருடத்துக்கு மேல் எழுதிக்கொடுக்கத் தயங்குகின்றன. இளமையில் கதை வேறு. 2015இல் வாஷிங்டன் ஷெர்சருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 210 மில்லியன் எழுதியது. அதில் பாதியைப் பின்போட்டு, 2028 வரை ஆண்டுக்கு 15 மில்லியனாகக் கொடுக்கிறது. ஜேய்ஸ் சட்டையில் எறிந்த 2025இலும் வாஷிங்டன் காசு அவருக்கு வந்தது.

கேள்வி (அஜாக்ஸ் வாசகர்): அதே காசுக்கு வேறு நல்ல ஆள் கிடைத்திருக்காதா?

பதில்: அந்தக் குளிர்காலத்தில் பெயர் பெற்ற மூத்த பிட்சருக்குச் சந்தை விலையே 15 மில்லியன்தான். வெர்லண்டர் (சான் பிரான்சிஸ்கோ), சார்லி மோர்ட்டன் (போல்ட்டிமோர்), அலெக்ஸ் கொப் (டெட்ரோயிட்) மூவருக்கும் ஒரு வருடத்துக்கு அதே தொகை. கொப் இடுப்புக் காயத்தால் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. மோர்ட்டன் படுமோசமாகத் தொடங்கி, ஜூலையில் வேறு அணிக்குக் கைமாறினார். வெர்லண்டர் மட்டும் 29 ஆட்டங்கள், சராசரி 3.85. இன்னிங்ஸ் கணக்கில் அவரே சிறந்த பேரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அணி பிளே ஓஃபுக்கே வரவில்லை. கைல் ஹென்ட்ரிக்ஸை ஏஞ்சல்ஸ் வெறும் 2.5 மில்லியனுக்கு எடுத்து 31 ஆட்டங்களைத் தொடங்க வைத்தது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நாட்களை ஓட்ட ஆள் தேடினால் அவரைப் போன்றவரைத்தான் நான் எடுப்பேன். சியாட்டிலில் அந்த நாலாவது ஆட்டத்துக்கு என்றால் ஷெர்சரைத்தான்.