வளையத்தை எண்ணினால் போதுமா? மரவளையம் பற்றி வாசகர் கேட்டவை

மரவளையம் பற்றி வந்த கேள்விகள் ஏராளம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கி, இங்கே பதில் சொல்கிறேன்.

வெட்டிய மரத்தில் வளையங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும். இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? (திருநெல்வேலி)

எண்ணிக்கையை நம்ப முடியாது என்பதில்தான் ஆராய்ச்சியே தொடங்குகிறது. மழை நடுவில் ஓய்ந்து, மரம் வளர்ச்சியை நிறுத்தி, மறுபடி மழை பிடித்ததும் வளரத் தொடங்கினால் ஒரே ஆண்டில் இரண்டு கோடுகள் விழும். கொடிய வறட்சியில் மரத்தின் ஒரு பக்கத்தில் வளையமே விழாமல் போகும். ஒரே ஒரு மரத்தை வைத்துக்கொண்டு எண்ணினால் இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால் எண்ணுவதோடு நிறுத்தாமல் பொருத்திப் பார்க்கிறோம். ஒரு காட்டில் இருபது, முப்பது மரங்களிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறோம். மழை குறைந்த ஆண்டு எல்லா மரத்திலும் ஒடுங்கிய வளையமாகத் தெரியும். ஒடுங்கல், அகலம், அகலம், மிக ஒடுங்கல் என்று நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு ஓடும் வரிசை வேறொரு காலத்தில் அப்படியே திரும்ப வருவது அரிது. ஒரு மரத்தில் மட்டும் வரிசை ஓர் ஆண்டு தள்ளிப்போனால், வளையம் தவறியது எங்கே என்று அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடலாம்.

இந்த வழியை நிலைநிறுத்தியவர் ஏ. ஈ. டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் கூடிக் குறைவது பூமியின் மழையில் தெரிகிறதா என்று பார்க்கப் போனவர், அரிசோனாவின் பைன் மரங்களுக்குள் இறங்கிவிட்டார். உயிரோடிருந்த மரங்களிலிருந்து பின்னோக்கி ஒரு தொடர் செய்தார். பழங்குடிகளின் இடிந்த குடியிருப்புகளில் கிடைத்த உத்திரங்களைக் கொண்டு 585 ஆண்டு நீளத்துக்கு இன்னொரு தொடரும் செய்தார். இந்த இரண்டாவது தொடருக்குள் எந்த மரம் எதற்கு முந்தியது என்பது தெரியும். ஆனால் அது எந்த நூற்றாண்டு என்று தெரியாது. ஓடு வேயும்போது ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறிக் கிடப்பதுபோல இரு தொடர்களும் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று வந்தாக வேண்டும்.

1929 ஜூனில், ஷோ லோ என்ற ஊரில் பாதி கரிந்த ஓர் உத்திரத் துண்டு கிடைத்தது. எச்எச்-39 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். அதன் உள்வளையம் 1237, வெளிவளையம் 1380. இரண்டு தொடர்களும் அதில் சேர்ந்தன. டக்ளஸின் தொடர் கி.பி. 700 வரை பின்னே போனது. பியூப்லோ போனிட்டோ, மேசா வெர்டே போன்ற பல இடிபாடுகளுக்கு அதன் பிறகுதான் ஆண்டு கிடைத்தது. 1276 முதல் 1299 வரை அந்தப் பகுதியை வாட்டிய பெருவறட்சியும் அதே வளையங்களில் தெரிந்தது. கட்டடத்தின் வயதையும் மக்கள் பட்ட பாட்டையும் ஒரே கரிக்கட்டை சொன்னது என்பது இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது.

நம் ஊர் வேம்பிலும் புளியிலும் இதைச் செய்ய முடியுமா? (மதுரை)

வேம்பு, புளி, ஆல் ஆகியவற்றில் வளையம் தெளிவாக விழுவதில்லை. விழுந்தாலும் ஆண்டுக்கு ஒன்று என்று சொல்ல முடியாது. மரம் ஆண்டுதோறும் ஒரு முறை நன்றாக ஓய்வெடுத்தால்தான் வளையம் துல்லியமாக அமையும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அந்த ஓய்வைத் தருகிறது. நம் பக்கம் கோடையில் இலையை முழுக்க உதிர்த்து நிற்கும் மரங்களைத்தான் தேட வேண்டும். அவற்றில் முதலிடம் தேக்குக்கு. சந்தன வேம்பும் உதவுகிறது.

தேக்குத் துண்டு ஒன்று கையில் இருந்தால் நீங்களே பாருங்கள். குறுக்கே அறுத்த முனையை முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக மிக நைஸான தாள் வரை தேயுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வையுங்கள். ஊசித்துளை அளவில் பெரிய துளைகள் ஒரே வரிசையாகத் தெரியும். மழை தொடங்கி மரம் விழித்ததும் நீரை மேலே இழுக்கப் போட்ட குழாய்கள் அவை. வெளிப்பக்கம் போகப் போகத் துளைகள் சிறுத்து, கட்டை அடர்ந்துகொண்டே போகும். பிறகு சட்டென்று அடுத்த பெரிய துளை வரிசை தொடங்கும். அந்தச் சட்டென்ற இடம்தான் ஆண்டின் எல்லை.

பனைமரத்துக்கு? (தூத்துக்குடி)

கிடையாது. பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் சுற்றிப் பருக்கும் வளர்திசு இல்லை. பனந்தண்டை அறுத்தால் நார்க் கற்றைகள்தாம் தெரியும், வளையம் இருக்காது. தண்டின்மேல் தெரியும் வரிகள் மட்டை விழுந்த தழும்புகள். அவற்றை எண்ணினால் எத்தனை மட்டை என்று தெரியும், எத்தனை ஆண்டு என்று தெரியாது.

மழைக் கணக்கு எழுதாத காலத்துப் பஞ்சங்களை மரத்தில் பார்க்க முடியுமா? தாது வருஷப் பஞ்சம் தெரியுமா? (சேலம்)

முடியும். இந்தத் துறையில் நம் மண்ணுக்கு மிக நெருக்கமான பகுதியே அதுதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஒடுங்கிய வளையம் எல்லாம் வறட்சி அல்ல. மரம் இளமையில் அகலமாகவும் முதுமையில் ஒடுங்கியும் வளரும். பக்கத்து மரத்தின் நிழல், இலை தின்னும் புழு, காட்டுத்தீ எல்லாமே அகலத்தைக் குறைக்கும். வயதால் வரும் சரிவைக் கணக்கிட்டு நீக்கி, பல மரங்களின் சராசரியை எடுத்த பிறகே மழையின் கை தெரியத் தொடங்கும். பிறகு மழைமானியின் பதிவு உள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று சோதித்துவிட்டுத்தான் பதிவில்லாத காலத்துக்குப் போகலாம்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் குழு கேரளக் காடுகளின் தேக்கை வைத்து 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுகளுக்கு ஒரு தொடர் செய்து 2010இல் வெளியிட்டது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் தேக்கின் வளையம் ஒடுங்கியிருப்பதை அது காட்டியது. அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் குக்கும் உடன் பணியாற்றியவர்களும் ஆசியா முழுவதிலும் 300க்கு மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைச் சேர்த்து, பருவமழை நாடுகளுக்கு ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். அதில் நான்கு பெரும் வறட்சிகளைத் தனியாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்: சீனாவில் மிங் அரசு சரியும் வேளையில் வந்த 1638–1641, தென்கிழக்கு ஆசியாவை உலுக்கிய 1756–1768, இந்தியாவில் 1790–1796, கடைசியாக 1876–1878. நீங்கள் கேட்ட தாது வருஷம் இந்தக் கடைசி வறட்சியில்தான் வருகிறது. நம் கும்மிப் பாடல்களில் அழுத அந்தப் பஞ்சத்தின் மழைக்குறை நம் நாட்டோடு நிற்கவில்லை, ஆசியாவின் பெரும்பரப்பில் ஒரே நேரத்தில் விரிந்து கிடந்தது என்பதை அந்த வரைபடத்தில் பார்க்கும்போது மனம் கனக்கிறது. மழை பொய்த்ததை மரம் சொல்லும். தானியம் கப்பலேறியதையும் வரி தண்டப்பட்டதையும் அது சொல்லாது. பஞ்சத்துக்கு மழையை மட்டும் காரணமாக்க மரவளையத்தைச் சாட்சிக்கு இழுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கம்போடியாவின் பழைய தலைநகர் அங்கோர் தளர்ந்தது வறட்சியாலா என்றும் இருவர் கேட்டிருந்தார்கள். தெற்கு வியட்நாம் மலைகளில் போ மூ என்ற ஊசியிலை மரம் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கிறது. அதிலிருந்து கிடைத்த 759 ஆண்டுத் தொடர், 14ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகளைக் காட்டியது. அவற்றுக்கு இடையிடையே அளவுக்கு மீறிய மழை ஆண்டுகளும் வந்தன. வறண்டு கிடந்த கால்வாய்களில் திடீர் வெள்ளம் மணலைக் கொட்டியது. ஏரி, குளம், கால்வாய் என்று நீர் மேலாண்மையின்மேல் நின்ற ஒரு பேரரசு தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குளிர்நாட்டு மரங்களும் மழையைத்தான் சொல்கின்றனவா? (கோயம்புத்தூர்)

பெரும்பாலும் கோடையின் வெப்பத்தைச் சொல்கின்றன. மரத்துக்கு எது பற்றாக்குறையோ அதைத்தான் வளையம் பதியும். 1600இல் பெரு நாட்டின் வைனாபுட்டினா எரிமலை வெடித்து, அது எழுப்பிய மூட்டம் வெயிலை மறைத்தது. வடக்கே வெகுதொலைவில் உள்ள மரங்களில் 1601ஆம் ஆண்டின் வளையக் கட்டை அடர்த்தி குறைந்து கிடக்கிறது. அந்தக் கோடையின் குளிர் அவ்வளவு கடுமை.

எங்கள் பூர்வீக வீட்டுத் தூண்கள் பர்மா தேக்கு. அவற்றை வைத்து வீட்டின் வயதைச் சரியாகச் சொல்ல முடியுமா? (காரைக்குடி)

மரம் சொல்லக்கூடியது, அது எப்போது வெட்டப்பட்டது என்பதை. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பட்டைக்கு அடியில் இருந்த கடைசி வளையம் கட்டையில் மிஞ்சியிருக்க வேண்டும். தூண் கடைந்த ஆசாரி என்ன செய்திருப்பார்? பட்டையை ஒட்டிய மென்மையான வெளிறைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்திருப்பார். வேலைக்கு அதுதான் சரி. ஆனால் அந்தச் சீவலோடு கடைசி ஆண்டுகளும் போய்விட்டன. எத்தனை வளையம் போயிற்று என்று தெரியாதபோது, இந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம். மியான்மரில் சுமார் மூன்று நூற்றாண்டுத் தேக்குத் தொடர் இருப்பதால் ஒப்பிட ஓர் அடிப்படை உண்டு. ஆனால் பர்மா பெரிய நாடு. உங்கள் தூண் எந்தக் காட்டு மரம் என்பதைப் பொறுத்தே வரிசை பொருந்தும்.

வெட்டிய ஆண்டே கட்டிய ஆண்டு என்றும் ஆகிவிடாது. ஜப்பானின் ஹோர்யூ-ஜி கோயிலைப் பாருங்கள். பழைய கோயில் 670இல் எரிந்தது, இப்போதிருப்பது அதன் பிறகு கட்டியது என்பது பெரும்பாலோர் கொண்ட முடிவு. ஐந்தடுக்கு கோபுரத்தின் நடுத்தூணை ஆராய்ந்தபோது வெட்டிய ஆண்டு 594 என்று வந்தது. பல பத்தாண்டு இடைவெளி! வேறு கட்டடத்தில் இருந்த தூணை எடுத்து நட்டார்களா, வெட்டிய மரத்தைச் சேமித்து வைத்திருந்தார்களா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பழைய தூணையும் நிலையையும் புது வீட்டுக்குக் கொண்டுபோவது நம் பக்கமும் வழக்கம்தான். அதனால் ஒரு தூணை மட்டும் பார்க்காமல் உத்திரம், சட்டம், நிலை என்று பலவற்றையும் பார்த்து, ஆண்டுகள் எங்கே குவிகின்றன என்று கவனிக்க வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக, ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 'மெசையா' வயலின் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்தது என்பது அதன் சீட்டு. பின்னாளில் செய்த நகலோ என்ற சந்தேகம் எழுந்தது. மேற்பலகையின் கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று கண்டார்கள். ஸ்ட்ராடிவாரியின் காலத்தோடு அது ஒத்துப்போகிறது. செய்தவர் அவரேதான் என்பதை மரம் நிரூபிக்காது. சந்தேகத்துக்கு இருந்த ஒரு பெரிய கதவை அது அடைத்தது.

கார்பன் முறை இருக்கும்போது மரவளையம் எதற்கு? (யாழ்ப்பாணம்)

பழம்பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14ஐ அளந்து வயது கணிக்கும் கார்பன் முறையின் அளவுகோலைச் சரிசெய்ததே மரவளையம்தான். காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. கலிஃபோர்னியாவின் பிரிசில்கோன் பைன், அயர்லாந்து, ஜெர்மனியின் ஓக் என்று ஆண்டு தெரிந்த வளையங்களை ஒவ்வொன்றாக அளந்துதான் அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டார்கள். ஜெர்மானியத் தொடர் 12,000 ஆண்டுகளுக்கும் மேல் அறுபடாமல் போகிறது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 774–775இல் காற்றில் கார்பன்-14 திடீரென்று எகிறியதை ஜப்பானின் ஃபுசா மியாகே யாகுஷிமா தீவின் செடார் மரங்களில் கண்டு 2012இல் வெளியிட்டார். 993ஐ ஒட்டியும் அப்படி ஓர் எகிறல் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் தங்கியிருந்தார்கள். அங்கே இரும்புக் கருவியால் வெட்டிய, பட்டை ஓரம் கெடாத மூன்று மரத்துண்டுகளில் அந்த 993 எகிறல் உள்ள வளையத்தைத் தேடிப் பிடித்தார்கள். அங்கிருந்து பட்டை வரை எண்ணினால் 28 ஆண்டுகள். மூன்று வெவ்வேறு மரங்கள், மூன்றிலும் விடை 1021. கொலம்பஸுக்கு 471 ஆண்டு முன்பே ஐரோப்பியர் அமெரிக்காவில் மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று ஆண்டோடு சொல்ல முடிந்தது. ஒப்பிட உள்ளூர்த் தொடர் ஏதும் தேவைப்படவில்லை. நம் போன்ற வெப்பநாடுகளுக்கு இந்த வழியில் எனக்குப் பெரும் நம்பிக்கை இருக்கிறது.

மன்னாரில் உள்ள பெருக்க மரத்தின் வயதைச் சுற்றளவை வைத்துச் சொல்லலாமா? (மன்னார்)

கூடாது. பெருக்க மரத்தில் (பாவோபாப்) பல தண்டுகள் ஒன்றாக ஒட்டி வளர்வதுண்டு. உள்ளே பொந்து விழுவதும் சகஜம். வளையமும் நம்பத்தக்கதல்ல. பொந்தின் உட்சுவரிலிருந்தும் வெளியிலிருந்தும் சிறு துண்டுகள் எடுத்துக் கார்பன் முறையில் பார்ப்பதுதான் வழி. கோயில் தல விருட்சங்களுக்கும் இதே பதில்தான்.

மாதிரி எடுக்க மரத்தை வெட்ட வேண்டுமா? (ஊட்டி)

வேண்டாம். உள்ளே குழலாக இருக்கும் துளைக்கருவியைத் திருகி, 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குச்சி எடுப்பார்கள். ஊசியிலை மரம் பிசின் சுரந்து துளையை அடைத்துக்கொள்ளும். இலை அகன்ற மரங்களில் அழுகல் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். காட்டு மரம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

தாத்தா வீட்டை இடிக்கப் போகிறோம். மரத்தை எடைக்குக் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பயன்படுமா? (தேவகோட்டை)

பயன்படும். தயவுசெய்து கொஞ்சம் பொறுத்து விற்கவும். கூரைக்கு அடியில், கண்ணில் படாத இடத்துச் சட்டங்களைத்தான் முதலில் பாருங்கள். அழகுக்காக இழைக்காத கட்டையில்தான் வெளிறும் பட்டை ஓரமும் மிஞ்சியிருக்கும். அந்த முனையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லையாக அறுத்து வையுங்கள். வளையம் நெருக்கமாக, ஐம்பதுக்கு மேல் தெரிந்தால் நல்லது. பத்து, பதினைந்து வளையம் உள்ள துண்டு உதவாது. கரையான் அரித்திருந்தாலும் ஓரம் பிழைத்திருந்தால் போதும்.

வார்னிஷ், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம், வெயிலில் போட வேண்டாம். வீட்டின் எந்தப் பகுதியில் இருந்த மரம் என்பதை மார்க்கரால் அதன்மேலேயே எழுதுங்கள். கழற்றும் முன் படம் எடுங்கள். பத்திரம், கட்டட வேலைக் கணக்கு நோட்டு, மரம் வாங்கிய சீட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். கட்டிய ஆண்டு உறுதியாகத் தெரிந்த வீட்டின் மரம் எங்களுக்கு இரட்டை மதிப்பு. புனே நிறுவனமும் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் இந்தத் துறையில் நெடுங்காலமாக வேலை செய்கின்றன. படங்களோடு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை வில்லைகளைக் காற்றாடும் இடத்தில், தரையில் படாமல் செங்கல்மேல் அடுக்கி வைத்தால் போதும்.