பழைய ஸ்னோமொபைலின் முன்பக்கம் ஆடுகிறதா? ஷாக் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

கேள்வி: பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கினேன். நேராக ஓட்டினாலும் ஹேண்டில் இடமும் வலமும் இழுக்கிறது, மேடு பள்ளத்தில் முன்னால் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது, நிறுத்தி வைத்தால் இடது பக்கம் தாழ்ந்து நிற்கிறது. மெக்கானிக் வேலை எதுவும் செய்ததில்லை. முன் ஷாக் (அதிர்வு தாங்கி) இரண்டையும் மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: ஷாக்கை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, பெரும்பாலும் இரண்டு மூன்று. பழைய வண்டியில் சத்தமும் இழுப்பும் முக்கால்வாசி சின்னச் சின்ன புஷ்ஷிலும் (மூட்டுத் துளைக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறை) ராட் முனை மூட்டுகளிலும்தான் இருக்கும். ஆட்டம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஸ்கீக்கு (முன்னால் பனியில் வழுக்கிப் போகும் பலகை) அடியில் இருக்கும் கார்பைடு பட்டையைப் பாருங்கள். பனியில் பிடிப்புக் கொடுப்பது அதுதான். மழுங்கி உருண்டையாகவோ ஒரு பக்கமாகவோ தேய்ந்திருந்தால் ஹேண்டில் இழுப்பதற்கு அதுவே போதும், மாற்றுவதும் சுலபம்.

அப்புறம் இரண்டு ஸ்கீயும் தரையைத் தொடாதபடி முன்பக்கத்தைத் தூக்குங்கள். முட்டுக் கொடுப்பது உலோகச் சட்டத்தில் படவேண்டும், பிளாஸ்டிக் அடித்தட்டில் படக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். இப்போது ஒருவர் ஸ்கீயின் முன்நுனியையும் பின்நுனியையும் பிடித்து இடவலமாக ஆட்டட்டும், நீங்கள் மூட்டுகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே வாருங்கள், ஸ்கீ போல்ட், ஸ்பிண்டில் (ஸ்கீயைத் தாங்கித் திருப்பும் தண்டு) புஷ், டை ராட் (ஸ்டீயரிங் திருப்பத்தை ஸ்கீக்குக் கடத்தும் கம்பி) முனை, உள்ளே ஸ்டீயரிங் கம்பம் வரைக்கும். தேய்ந்த மூட்டு கண்ணில் தெரியாது, விரலில் தெரியும்: ஒரு பாகம் நகர்ந்து, ஒரு நொடி தாமதித்து மற்றது நகரும், அந்த ‘டக்’ விரலில் படும். அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். பிறகு ஸ்கீயை மேலும் கீழும் தூக்கி இதையே திரும்பச் செய்யுங்கள், இதில் ஸ்கீயைச் சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் புஷ்ஷில் உள்ள ஆட்டம் தெரியும்.

தாழ்ந்து நிற்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவே இல்லை. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இறுக்கம் ஒரே அளவில் வைத்திருக்கிறார்களா பாருங்கள், பல நேரம் யாரோ ஒரு பக்கம் மட்டும் திருகியிருப்பார்கள். சமமாக இருந்தும் தாழ்கிறதென்றால் ஷாக்கை ஸ்பிரிங்கோடு இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். தாழ்வு அதோடு வலது பக்கம் போனால் குற்றம் ஸ்பிரிங்கிலோ ஷாக்கிலோ. இடது பக்கமே நின்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கை வளைந்திருக்கிறது. பழைய போலாரிஸ் இண்டி மாதிரி டிரெய்லிங் ஆர்ம் (வண்டியின் நீளவாக்கில் போகும் கை) உள்ள வண்டியில் அதைப் பக்கவாட்டில் சட்டத்தோடு பிடிக்கும் ரேடியஸ் ராடு பெரும்பாலும் நேரான குழாய்தான், கழற்றி சமமான மேஜையில் உருட்டினால் வளைவு உடனே தெரியும். சூடுபடுத்தி நிமிர்த்தி மாட்டாதீர்கள், அது பலமிழந்துவிடும், புதிது போடுங்கள்.

கழற்றும்போது ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் உங்களுக்கு மாதிரி, வாஷர் எந்தப் பக்கம், போல்ட் எந்தத் திசையில் நுழைகிறது என்பதெல்லாம் அதைப் பார்த்தே மாட்டலாம். ஸ்டீயரிங் கை ஸ்பிண்டிலில் பற்களோடு பொருந்தும் வண்டியென்றால் கழற்றும் முன்பே இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். டை ராடில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முனை இடது மரையாக இருக்கலாம், சுற்ற மறுத்தால் வலுவைக் காட்டாமல் திசையைப் பாருங்கள். துரு பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

பழைய புஷ்ஷை எடுத்ததும் அதன் துளையைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் வட்டம் முட்டை வடிவமாக நீண்டிருக்கும். அதோடு போல்ட்டையும் துடைத்து நகத்தால் நெடுக வருடுங்கள். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தால் அதையும் மாற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் புது புஷ் ஒரே சீசனில் போய்விடும். கைகள் சட்டத்தில் சேரும் இடங்களில் அழுக்கைத் துடைத்து, போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அலுமினிய வெல்டிங் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை.

ஷாக்கைப் பொறுத்தவரை, ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போது சரியான கருவி இல்லாமல் அதை ஷாக்கிலிருந்து கழற்றக்கூடாது, தெறித்தால் கை போய்விடும். ஸ்பிரிங் இல்லாத ஷாக்கை அழுத்தி இழுத்தால் சீரான எதிர்ப்பு இருக்கவேண்டும், நடுவில் வெற்றாகப் போனாலோ தண்டில் எண்ணெய் கசிந்தாலோ அது முடிந்தது. வாயு அடைத்த ஷாக்கைப் பிரிக்க முயலவே வேண்டாம்.

மாட்டும்போது நைலான் லாக் நட் எல்லாம் புதிது, இறுக்கம் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி, கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடங்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்டிலை நேராகக் கட்டிவிட்டு, பின்னால் சுற்றும் ரப்பர் பெல்ட்டான டிராக்கின் ஓரத்தில் நீளமான நேர்க்கட்டை வைத்து, கார்பைடு பட்டையின் முன்னும் பின்னும் தூரம் அளந்து பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு பட்டைக்கும் இடையே உள்ள தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருக்கவேண்டும், உங்கள் மாடலுக்குக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. டை ராடைச் சுற்றி அளவைக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு ஹேண்டிலை இரு முனைக்கும் திருப்பி எந்தக் கேபிளும் குழாயும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி வந்து எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.