சைக்கிள் கேள்வி–பதில்: கடலோரத்திலிருந்து போடிமெட்டு ஏற்றம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலை ஏற்றத்தைப் பற்றித்தான். வருஷக் கடைசி விடுமுறை நெருங்குகிறது, எல்லோருக்கும் மூணாறு ஆசை வந்துவிட்டது. உச்சிப்புளியில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு, குளிர் மாதங்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். தொண்டியிலிருந்து மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு போகத் திட்டம். சமதரையில் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் மிதிப்போம். ஆனால் ஒருவர்கூட மலை ஏறியதில்லை. எங்கள் மாவட்டத்தில் மேடு என்றால் பாம்பன் பாலம்தான். எங்களால் ஏற முடியுமா? எப்படிப் பழகுவது?
– கல்லூரி மாணவர், தொண்டி

தாராளமாக ஏறலாம், தம்பி. வழியும் கேட்க வேண்டியதில்லை. கொச்சியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை, சிவகங்கை எல்லாம் தாண்டி உங்கள் தொண்டியில்தான் வந்து முடிகிறது. உங்கள் ஊர் ரோட்டையே பிடித்து மேற்கே போனால் மலை வந்துவிடும்.

முதலில் அந்த ஏற்றம் எவ்வளவு என்று பார்ப்போம். போடி கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,400 மீட்டரை ஒட்டி. அடிவாரம் முந்தல். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை இருபது கிலோமீட்டரில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயர்வு. இதைவிடச் செங்குத்தான மலைகள் நம் மாநிலத்திலேயே உண்டு. இங்கே கஷ்டம் செங்குத்தில் இல்லை, விடாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டே இருப்பதில்தான் இருக்கிறது.

பாம்பன் பாலம் அதற்குப் பயிற்சி ஆகாது. படகு போக நடுவில் உயர்த்திக் கட்டிய பாலம் அது. ஓடிவந்த வேகமே உங்களைப் பாதி மேடு தூக்கிவிட்டுவிடும், மீதியை எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் முடிந்தது. மலையை அப்படி அணுகினால் மூன்றாவது வளைவிலேயே தொடை கட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு மலை இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. நம் கடற்கரைக் காற்று சாதாரணமானதா? பாம்பன் பழைய ரயில் பாலம் ஓடிய காலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று அடித்தால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. இப்போது வாடைக் காற்றுக் காலம். தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல் பக்கம் வடக்கே மிதியுங்கள், காற்று நேரே முகத்தில் அடிக்கும். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டரை மணி நேரம், ஒரே சீராக, உட்கார்ந்தபடியே, இலேசான கியரில் மிதித்துப் பழகுங்கள். மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளக் கூடாது. மலையில் கால் ஓய்ந்தால் சைக்கிள் அங்கேயே நின்றுவிடும். நம் ஊரில் அதற்குச் சமமானது இந்த எதிர்காற்று ஒன்றுதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். காற்றில் குனிந்தால் பாரம் குறையும். மலையில் நீங்கள் போகிற வேகத்துக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, எடைதான் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் குனியாதீர்கள். நிமிர்ந்து, கையைத் தளர்த்தி, மூச்சு அடிவயிறு வரை போகிற மாதிரி உட்காருங்கள்.

வேகம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். முந்தலில் காலை ஆறு மணிக்குக் குளிர்ச்சியாக இருக்கும், கால் புதிதாக இருக்கும், ஆறு பேரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பீர்கள். அங்கேதான் மொத்தத்தையும் கோட்டை விடுவது. பக்கத்தில் வருகிறவனிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்லி முடிக்க முடிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். முடியவில்லை என்றால் அதிக வேகம், உடனே குறையுங்கள். முதல் அரை மணி நேரம் "இவ்வளவு மெதுவாகவா?" என்று தோன்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம், சேர்ந்து ஏற வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். குறிப்பிட்ட வளைவில் காத்திருப்பதாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் எண் பலகை உண்டு, அடையாளம் சொல்வது எளிது.

வளைவில் எங்கே ஓட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நாம் உள்பக்கம் மாட்டுவோம். ரோட்டின் மிகச் செங்குத்தான இடம் அந்த உள் விளிம்புதான். அதை ஒட்டி நுழையாதீர்கள். பின்னால் வண்டிச் சத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நம் பக்கத்துப் பாதிக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக எடுங்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிப்பக்கம், அங்கே சரிவு தளரும். மூச்சு வாங்கிக்கொள்ள, ஒரு வாய் தண்ணீர் குடிக்க அந்த இடங்கள்தான் சரி. காலையில் போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும். அவர்கள் அவசரக்காரர்கள். ஹாரன் கேட்டால் இடம் கொடுத்துவிடுங்கள்.

நாள் பிரிப்பதில் ஒரு யோசனை. முதல் நாளே மதுரை, மறுநாள் போடி என்று போட்டால் மலைக்கு முன்னாலேயே கால் களைத்துவிடும். முதல் நாள் சிவகங்கையோடு நில்லுங்கள். இரண்டாம் நாள் மதுரையைத் தாண்டி உசிலம்பட்டி. மூன்றாம் நாள் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் போடி வந்துவிடும். மத்தியானமே அறை போட்டுக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். நாலாம் நாள் விடியலில் மலை. போடிமெட்டோடு ஏற்றம் தீர்ந்ததாக நினைக்க வேண்டாம். அங்கிருந்து பூப்பாறைக்கு இறங்கி, மூணாறுக்கு மறுபடியும் ஏற வேண்டும். மழை பெய்தால் அந்த மலைப்பாதையில் பாறை சரிவதும் ரோட்டை அடைப்பதும் அடிக்கடி நடக்கும். போடி வந்ததும் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

புது சைக்கிள் வாங்கப் போகிறேன். ஒரு கடையில் 21 கியர் போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 24 இருந்தால்தான் மலை ஏறும் என்கிறார்கள். எது சரி?
– வாசகர், கீழக்கரை

கியரின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பல்லை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் செயின் வீல்களில் சின்னதில் எத்தனை பல், பின்னால் இருப்பதில் பெரியதில் எத்தனை பல். மலைக்கு இந்த இரண்டு எண்கள் போதும். முன் எண்ணைப் பின் எண்ணால் வகுத்தால் ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று வருவதற்குள், சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று தெரியும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று, ஏறக்குறைய இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் முன்னே போவீர்கள். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். போடிமெட்டு ஏறுவதற்கு அது நல்ல வேகம்.

கியர் இல்லாத சாதா சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 என்று இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அதே மேட்டில் ஒவ்வொரு மிதிக்கும் இரண்டரைப் பங்கு அழுத்த வேண்டும். முழங்கால் என்னத்துக்கு ஆகும்? மூட்டை கட்டிக்கொண்டு பல நாள் போகிறவர் என்றால் வகுத்து வரும் விடை ஒன்றுக்கும் கீழே இருக்கிற சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். முன்னால் 28, பின்னால் 34 கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மேடு தொடங்கிய பிறகு முழு பலத்தில் மிதித்துக்கொண்டே கியர் மாற்றாதீர்கள். செயின் கழன்று சிக்கிக்கொள்ளும். மேடு கண்ணில் படும்போதே மாற்றிவிட வேண்டும்.

எனக்கு வயது 52. மேடு ஏறினாலே முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மலை ஆசையை விட்டுவிடலாமா?
– ஆசிரியர், மண்டபம்

விட வேண்டாம் சார், முதலில் சீட்டைப் பார்ப்போம். என் கடைக்கு வருகிறவர்களில் நிறைய பேர் இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், பாரமெல்லாம் முன்பக்கம் சேரும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவாருங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் இலேசான மடிப்பு தானாக வந்துவிடும். ஒரேயடியாக உயர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அளவு மீறினால் வலி முழங்காலின் பின்பக்கம் போய்விடும்.

வலிக்கு இரண்டாவது காரணம் பாரமான கியர். மேலே கீழக்கரைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். இரண்டையும் சரிசெய்த பிறகும் வலித்தால், அல்லது மூட்டு வீங்கினால், டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

மலையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் கூட வருகிறவர்கள் மட்டமாக நினைப்பார்களா?
– மாணவி, ஏர்வாடி

அப்படி நினைக்கிறவர்களோடு போகாதீர்கள், அம்மா. தள்ளுவதும் பயணம்தான். பத்து நிமிடம் நடந்தால் மிதிக்கும் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, முதுகு நிமிர்கிறது. நான் கூட்டிப்போகிறவர்களிடம் மூச்சு முட்டும் முன்பே இறங்கச் சொல்கிறேன்.

மறுபடி ஏறும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். நிற்பதற்கு முன்பே மிக இலேசான கியருக்கு வந்துவிடுங்கள். ரோடு காலியாக இருக்கும்போது சைக்கிளை மேட்டுக்கு நேராக வைக்காமல் சற்றே குறுக்காகச் சாய்த்து வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஒரு காலைப் பெடலின் மேல் நிலையில் வைத்து அழுத்திக் கிளம்புங்கள். வளைவில் கிளம்ப வேண்டாம், நேரான இடமாகப் பாருங்கள்.

வழியில் என்ன சாப்பிடுவது? எவ்வளவு மூட்டை எடுத்துப் போகலாம்?
– வாசகர், சாயல்குடி

சாயல்குடியில் இருந்துகொண்டு வேறு எதையும் தேட வேண்டியதில்லை, கருப்பட்டி இருக்கிறது. ஏறும்போது மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு பூவன்பழம், ஒரு துண்டு கருப்பட்டி, அவ்வளவுதான் கணக்கு. பசித்த பிறகு சாப்பிட்டால் பலன் கிடைப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும், அரை மணிக்கு ஒரு முறை சாப்பிடுங்கள். மேலே போகப் போகக் குளிர் இருப்பதால் வியர்ப்பதே தெரியாது, தாகமும் எடுக்காது. ஆனாலும் குடிக்க வேண்டும். முந்தலில் இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் உப்புப் போட்டு வையுங்கள்.

மூட்டைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 85 கிலோ, ஏற்றம் இரண்டே முக்கால் மணி நேரம் என்றால், கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் கேட்கும். ஐந்து கிலோவுக்குப் பத்து நிமிடம். ஆகவே ஜீன்ஸ் பேண்ட் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். வியர்வையோடு இறங்கும்போது குளிர் ஆளை உலுக்கிவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். பிரேக் பிடிக்காமல் போனால்?
– வாசகர், ராமேஸ்வரம்

இந்தப் பயம் இருக்க வேண்டும். கடலோர சைக்கிளுக்கு இது இரட்டைக் கவலை. நம் உப்புக்காற்று செயினை மட்டும் தின்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் பிரேக் கேபிள் உறைக்குள்ளும் போய்விடுகிறது. சமதரையில் இலேசாகப் பிடித்தாலே வண்டி நின்றுவிடுவதால் அது தெரிவதில்லை. கிளம்பும் முன் பிரேக் லீவரை முழுசாக அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். டப்பென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் உள்ளே துரு ஏறியிருக்கிறது. எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள், கேபிளையும் உறையையும் மாற்றிவிடுங்கள். மலைக்குப் போகிற சைக்கிளில் நான் இதைத்தான் முதலில் பார்ப்பது.

அப்புறம் பிரேக் கட்டை. தனுஷ்கோடி ரோட்டில் ஓடிய சைக்கிளின் கட்டையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். ரப்பருக்குள் மினுமினுவென்று துணுக்குகள் பதிந்திருக்கும். பாதி மணல், பாதி ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியம். அவை இருந்தால் ரிம்மை அறுக்கும், பிடிப்பும் குறையும். ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் மேற்பரப்பை இழைத்து மாட்டுங்கள். கட்டையில் இருக்கும் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் புதுசுதான்.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே வராதீர்கள். ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வளைவில் நுழையுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒரு முறை ஓரமாக நிறுத்தி, ரிம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே சூடு தெரிந்தால் அது ஆறும்வரை நில்லுங்கள். குறுகலான இடத்தில் எதிரே மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று சாலை விதி சொல்கிறது. நீங்கள் இறங்குகிறவர், அதனால் பஸ் தெரிந்ததும் ஓரம் கட்டி நின்று அது போன பிறகு கிளம்புங்கள்.