தம்பி என்ன விருந்தாளியா?

கேள்வி: கார்த்திகை மூன்றாவது வாரம் எனக்குக் கல்யாணம். வேளச்சேரியில் மண்டபம், காலை 6 மணிக்கு முகூர்த்தம். மழை, புயல் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். மேடைக்கும் வாசல் பூப்பந்தலுக்கும் மட்டும் ஒன்றரை லட்சம் பேசியிருக்கிறோம். மழை வந்தால் அத்தனையும் வீணாகிவிடுமே! அப்பாதான் தனியாளாக எல்லாம் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். தம்பிக்குத் துபாயில் வேலை, முதல் நாள் ராத்திரிதான் வருகிறான். என்னென்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?
- வாசகி, சென்னை

பதில்: பூப்பந்தல் நனைந்தால் நனையட்டும். கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, முதல் நாள் ராத்திரி வருகிற தம்பி, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

2015 பெருவெள்ளம் டிசம்பர் முதல் வாரம். வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பர் 4. மூன்றும் கார்த்திகை மாதத்தில்தான் வந்தன. 2015-இல் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. மிக்ஜாமின்போது ஓடுபாதையில் தண்ணீர் நின்று, விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து சென்னை 350 கிலோமீட்டர். ராத்திரி 11 மணிக்கு அங்கே இறங்குகிறவன், சாலையெல்லாம் தண்ணீராக இருக்கும்போது, காலை 6 மணி முகூர்த்தத்துக்கு எப்படி வந்து நிற்பான்? உங்கள் கையில் பொரி அள்ளிப் போட வேண்டியவன் அவன். பெரியப்பா மகனை வைத்து அந்தச் சடங்கை முடித்துவிடலாம் என்பீர்கள். முடிக்கலாம். ஆனால் விடிகாலை 4 மணிக்கு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஜெனரேட்டருக்கு டீசல் தேடப் போவது யார்? ஸ்டென்ட் வைத்த அப்பாவா?

தேதி குறித்து எத்தனை மாதம் ஆகிறது? தம்பிக்கு லீவு கிடைக்கவில்லையா, அவன் கேட்கவே இல்லையா? முதலில் அதைக் கேளுங்கள். கூடப் பிறந்தவன் பந்தியில் உட்கார வருகிறவன் இல்லை, பந்தி நடத்த வருகிறவன். குறைந்தது ஐந்து நாள் முன்னால் அவன் வந்தாக வேண்டும். வந்ததும் அப்பாவிடம் இருக்கிற கல்யாண வேலை நோட்டை வாங்கிக்கொள்ளட்டும்.

அவன் முதலில் போக வேண்டிய இடம் மண்டபம். "ஜெனரேட்டர் இருக்கு சார்" என்பார் மேனேஜர். டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் மதியம் வரை 18 மணி நேரம் ஓடினால் 270 லிட்டர். மழை பிடித்த பிறகு பங்க்குக்கு லாரி வராது. அந்த ஜெனரேட்டர் தரையோடு இருக்கிறதா, மேடை கட்டி ஏற்றியிருக்கிறதா என்பதும் முக்கியம். தண்ணீர் புகுந்தால் எத்தனை டீசல் இருந்தும் பயனில்லை. சாப்பாட்டு ஹால் கீழ்த்தளத்தில் என்றால் மாடியில் பந்தி போட இடமும், இலையை மேலே கொண்டுபோக ஆளும் இப்போதே பேசி வைக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்கட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம்.

தாலி வங்கி லாக்கரிலா இருக்கிறது? மூன்று நாள் முன்பே எடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் வங்கி திறக்காது. தாலி, கூறைப்புடவை, மெட்டி மூன்றும் ஒரே பையில், ஒருவர் கையிலேயே இருக்கட்டும், அத்தையோ சித்தியோ. ஐயர், நாதஸ்வரக்காரர், சமையல்காரர் எல்லோரும் முதல் நாள் மாலையே மண்டபத்துக்கு வந்து தங்க வேண்டும். காலையில் வருகிறேன் என்பவரை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சமையல்காரரிடம் அரிசியை ஒரேயடியாக வடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் பந்திக்கு மட்டும் வடித்து, வந்த தலையைப் பார்த்து அடுத்த உலை வைத்தால் போதும். மழை நாளில் கூட்டம் பாதியானாலும் சோறு வீணாகாது. பால் வண்டி வராவிட்டால் காபிக்குப் பால் பவுடர் வேண்டும். காற்றில் வாழை சாய்ந்தால் இலை கிடைக்காது, கட்டு முதல் நாளே வந்துவிடட்டும். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும், மாலையை ரோஜா, சம்பங்கியில் சொல்லிவிடுங்கள். செல்போன் கோபுரம் படுத்தால் ஜிபே வேலை செய்யாது. கூலிக்கும் தட்சிணைக்கும் ரொக்கம் தனியாக இருக்க வேண்டும், எல்லோருடைய நம்பரும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

வானிலை மையம் 'ரெட் அலர்ட்' என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்று அர்த்தம். அது வந்துவிட்டால் ரிசப்ஷனைத் தயங்காமல் ரத்து செய்யுங்கள். மேடான பகுதியில் ஒரு கோயிலில் பேசிவைத்து, அதே முகூர்த்தத்தில் ஐம்பது பேரோடு தாலி கட்டினாலும் அது நிறைவான கல்யாணம்தான். அந்த முடிவை முதல் நாள் காலையிலேயே எடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்குத் தம்பியே போன் செய்து சொல்லட்டும். அப்பாவைச் சொல்ல வைக்காதீர்கள்.

தம்பிக்கு டிக்கெட்டை இன்றைக்கே மாற்றுங்கள். திரும்பிப் போகிற தேதியையும் பாருங்கள். மண்டபக் கணக்கு, வாடகைப் பாத்திரம், சமையல் பாக்கி எல்லாம் முடிக்கக் கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு நாள் அவன் இங்கே இருக்க வேண்டும்.