வெங்காய மூட்டையும் நாலு மெழுகுவர்த்தியும்

அன்புள்ள அக்கா,

என் பெயரைப் போட வேண்டாம். டெக்சாஸ் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு விஷயம் பரவ அரை நாள் போதும்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்பதாவதிலிருந்து எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு. மார்க் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., 4.0. போன வாரம் பள்ளியில் நேஷனல் ஆனர் சொசைட்டி என்கிற மாணவர் கௌரவச் சங்கத்துக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. கெமிஸ்ட்ரி லேபில் அவளோடு ஒரே மேசையில் நிற்கும், அவளைவிட மார்க் குறைந்த பெண்ணின் பெயர் இருக்கிறது. விசாரித்தால் சர்வீஸும் லீடர்ஷிப்பும் போதவில்லை என்கிறார்கள். இவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது? போன வருடம் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் அவருக்கு மாத்திரை, கஞ்சி, அப்புறம் தம்பிக்கு வீட்டுப்பாடம் என்று ஆறரை மணி ஆகிவிடுகிறது. நாங்கள் வேலையிலிருந்து வந்த பிறகுதான் அவள் படிக்க உட்காருகிறாள்.

தொண்டு செய்த நேரத்துக்கு மணிக்கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்குவதெல்லாம் சேவையா அக்கா? அது வியாபாரம் இல்லையா? நம் ஊரில் நன்றாகப் படித்தால் ஆண்டு விழாவில் ஒரு கோப்பை, அதோடு சரி. அதில் ஒரு நேர்மை இருந்தது. பிரின்சிபாலிடம் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று என் கணவர் குதிக்கிறார். ரொம்ப வருடமாக இங்கே இருக்கிறீர்கள், வாலன்டியர் வேலையும் செய்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி,
டெக்சாஸ்

அன்புள்ள தோழிக்கு,

பிரின்சிபால் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை உங்கள் கணவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

மேரிலாந்தில் எங்கள் ஊர் ஃபுட் பேன்ட்ரியில் பல வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் நிற்கிறேன். அரிசி, டப்பா பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று வருவதைப் பிரித்து, பை போட்டு, வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கிற இடம். பிள்ளைகள் கொண்டுவரும் மணிக்கணக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடும் ‘ஆன்ட்டி’ நான்தான். ஆகவே நீங்கள் சொல்லும் வியாபாரத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு காட்சி சொல்கிறேன். ஒரு பையன் 9.20-க்கு வந்தான். வெங்காயம் பெரிய வலை மூட்டைகளில் வரும். அதை மேசையில் கொட்டி, அழுகியதை எடுத்தெறிந்துவிட்டு, சின்ன வலைப் பைகளில் மூன்று மூன்று பவுண்டாகக் கட்ட வேண்டும். ஒரு அழுகல் வெங்காயம் உள்ளே இருந்தால் போதும், மேசையே நாறும். பையன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிக் கழற்றி போனைப் பார்த்துக்கொண்டு கட்டினான். 11.40-க்குப் படிவத்தை நீட்டி, “த்ரீ அவர்ஸ் போட்டுக்கலாமா ஆன்ட்டி?” என்றான். அம்மா வெளியே இன்ஜினை நிறுத்தாமல் காரில் காத்திருந்தார். 2 மணி 20 நிமிடம் என்று எழுதிக் கொடுத்தேன். முகம் சுருங்கிப் போனான். மறு சனிக்கிழமையும் வந்தான். மீதி 40 நிமிடம் தேவைப்பட்டது போலிருக்கிறது.

இது போலியா? அந்தப் பையனின் மனதை எடுத்துக்கொண்டால், அன்றைக்கு அதில் தர்ம சிந்தனை துளியும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று நாற்பது குடும்பத்துக்கு நல்ல வெங்காயம் போயிற்று. மூட்டையைப் பிரித்தவன் எதற்காகப் பிரித்தான் என்று வெங்காயத்துக்குத் தெரியாது. வாங்கிப் போன பாட்டிக்கும் தெரியாது, தெரிந்தால் அவர் கவலைப்படப் போவதும் இல்லை. சேவை செய்கிறவரின் மனசுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது செய்கிறவர்கள் பக்கத்துப் பழக்கம். வாங்குகிற வரிசையில் நின்று பார்த்தால் வேறு கணக்கு. அதனால் மணிக்கணக்கைப் பார்த்து எனக்கு உங்கள் அளவுக்குக் கோபம் வருவதில்லை.

எங்கள் மாநிலத்தில் இது கட்டாயமும்கூட. 75 மணி நேரச் சேவை இல்லாமல் உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ கிடையாது. 1992-ல் விதி போட்டார்கள், 1997-ல் படிப்பை முடித்த வகுப்பிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கட்டாயப்படுத்தினால் அது எப்படிச் சேவை ஆகும் என்று அப்போதே சண்டை நடந்தது. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரில் 60 மணி நேரம் கேட்டார்கள். சில பெற்றோர் வழக்கே போட்டார்கள், இது அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியல் சாசனத்தின் 13-வது திருத்தத்துக்கு விரோதம் என்று. 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெங்காயம் கட்டுவதை அடிமைத்தனம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்தான்.

அப்புறம், நம் ஊரில் ஒரு கோப்பையோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். என்.எஸ்.எஸ்., அதுதான் நாட்டு நலப்பணித் திட்டம், மறந்துவிட்டதா? காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240, நடுவில் ஏழு நாள் முகாம். மணிக்கணக்கு எழுதும் வித்தையை நாங்கள் அங்கேதான் கற்றோம். நான் படித்த கல்லூரியில் இரண்டாம் வருட முடிவில் டைரியைச் சமர்ப்பிக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பினோம். எல்லாம் ஒரே பேனாவில் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒருத்தி நாலு பேனா கொண்டுவந்தாள். இரண்டு நீலம், ஒரு கறுப்பு, ஒன்று மை கசியும் ஹீரோ பேனா. தேதிக்குத் தேதி பேனா மாற்றினோம். ‘மரக்கன்று நடுதல், 3 மணி நேரம்’ என்று நான் எழுதிய கணக்கில் எங்கள் கல்லூரி வளாகம் முதுமலை ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஏழு நாள் முகாம் பொய்யில்லை. ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்துக் கண்மாய்க்குப் போகும் வாய்க்காலில் சீமைக்கருவேலம் வெட்டினோம். உள்ளங்கையில் முள் ஏறி, ஒரு கிழவி ஊசியைத் தீயில் காட்டி எடுத்துவிட்டார். சான்றிதழ் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. முள் ஏறின இடத்தில் மழைக்காலத்தில் இன்னும் ஒரு குறுகுறுப்பு உண்டு. சான்றிதழுக்காகத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, நேஷனல் ஆனர் சொசைட்டி. இங்கே இல்லாத வாசகர்களுக்காக நாலு வரி. அமெரிக்கப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921-ல் இதைத் தொடங்கியது. முதல் கிளை பிட்ஸ்பர்கில் ஃபிஃப்த் அவென்யூ உயர்நிலைப் பள்ளியில், அதன் முதல்வர் எட்வர்டு ரைனர்சன் முயற்சியில். மார்க்குக்கு மட்டும் மரியாதை செய்த மாணவர் சங்கங்கள் அதற்கு முன்பே அங்கங்கே இருந்தன. இவர்கள் படிப்போடு சேவை, தலைமை, குணம் மூன்றையும் சேர்த்து நாலு தூண் என்றார்கள். சேர்ப்பு விழாவில் தூணுக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி ஏற்றுவது பல பள்ளிகளில் வழக்கம். பெற்றோர் பின்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம்மவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தூக்கிப் பிடிப்பார்கள்.

இதில் படிப்பு என்ற தூண் நுழைவுச் சீட்டு மட்டும்தான். தேசிய விதிப்படி குறைந்தது 3.0, பள்ளிகள் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் 3.6-ம் 4.0-வும் ஒன்றுதான். மிச்சத்தைப் பள்ளி முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். முதல்வருக்கு ஓட்டு இல்லை. எத்தனை மணி நேரச் சேவை என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆக, லேப் மேசையில் நிற்கும் அந்தப் பெண்ணின் மார்க் குறைவு என்பது இந்த விஷயத்தில் ஒரு வாதமே இல்லை. உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் அதுதான் விதி.

எனக்கு உறுத்துவது நாலாவது தூண். மார்க்கை எண்ணலாம், மணி நேரத்தை எண்ணலாம், தலைமையைக்கூட எந்த கிளப்புக்கு யார் தலைவர் என்று பார்த்துச் சொல்லலாம். குணத்தை ஐந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்து எப்படி அளப்பது? 1998-ல் கென்டக்கியில் கிரான்ட் கவுண்டியில் என்ன நடந்தது தெரியுமா? மார்க் தகுதி இருந்தும் இரண்டு மாணவிகளை ஆனர் சொசைட்டியில் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன் கர்ப்பமானவர்கள் என்பதுதான் காரணம். குணத்தில் குறையாம். அந்தப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். சேர்க்கப்பட்ட மற்றவர்களிடம் இந்த விஷயத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது நீதிமன்றத்தில் வெளியே வந்தது. பெண் பிள்ளையின் வயிறு காட்டிக் கொடுக்கும், ஆண் பிள்ளையை எது காட்டிக் கொடுக்கும்? கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ம் ஆண்டு சட்டத்தைக் காட்டி, அந்த டிசம்பரிலேயே இருவரையும் சேர்க்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். மணிக்கணக்கைத் திட்டுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. எண்ணக்கூடியதில் பித்தலாட்டம் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். எண்ண முடியாததில் நடப்பது அதைவிட மோசம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை, கஞ்சி, தம்பிக்கு வீட்டுப்பாடம், ஆறரை மணி. இதை ‘நேரம் இல்லை’ என்பதற்குச் சாக்காக எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்தவரை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் அம்மாவை, ஒன்றரை வருடம். கஞ்சி நீர்த்துவிட்டால் புரையேறும், கெட்டியாகிவிட்டால் தொண்டையில் நிற்கும். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று டப்பாவைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். கோணிய வாயால் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு தனிக் காது வேண்டும். பதினாறு வயதில் இதைத் தினமும் செய்கிறாள் உங்கள் மகள். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தாலும், வாரத்தில் ஐந்து பள்ளி நாளுக்கே பன்னிரண்டரை ஆகிறது. எங்கள் பேன்ட்ரியில் எந்தப் பிள்ளைக்கும் நான் அவ்வளவு எழுதிக் கொடுத்ததில்லை.

பள்ளிக்குக் கொடுத்த படிவத்தில் இது இருந்ததா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நாமே பழக்கியிருப்போம். உங்கள் கடிதத்தில்கூட அவளுடைய ஜி.பி.ஏ. முன்னால் வருகிறது, தாத்தா பின்னால்தான் வருகிறார்.

ஆனர் சொசைட்டியின் சேவைக் கணக்கில் பல பள்ளிகள் வீட்டு வேலையைச் சேர்ப்பதில்லை, அது உண்மை. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை அதுதான். சனிக்கிழமை காலையில் பிள்ளையை பேன்ட்ரிக்குக் கூட்டிவர ஒரு காரும், அதை ஓட்ட ஓய்வுள்ள ஒரு பெற்றோரும் வேண்டும். இன்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தாரே, அந்த அம்மா இல்லாமல் அந்த 2 மணி 20 நிமிடம் இல்லை. சாயங்காலம் பர்கர் கடையில் வேலை பார்த்து வீட்டு வாடகைக்குப் பங்கு கொடுக்கிற பிள்ளையிடம் படிவமே இருக்காது. இத்தனை நாள் இந்த ஏற்பாடு நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டில் இப்போது அது முதல் முறையாகத் திரும்பிக் கடித்திருக்கிறது.

காலேஜ் விண்ணப்பத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பல காலேஜ்களுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பத்து நடவடிக்கைகள் எழுத இடம் உண்டு. அதில் ‘குடும்பப் பொறுப்புகள்’ என்று ஒரு வகையும், ‘சம்பளத்துக்கு வேலை’ என்று ஒரு வகையும் இருக்கின்றன. வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கும். விவரம் எழுத 150 எழுத்துதான், அதனால் அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் மறுபடி 4.0 வந்துவிடும்.

இனி பிரின்சிபால். தேசிய அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை, உள்ளூர்த் தேர்வின் மேல் அவர்கள் முறையீடு கேட்பதில்லை. பள்ளிக்குள்தான் கேட்க வேண்டும். முதலில் உங்கள் மகளிடம் கேளுங்கள், இது அவளுக்கு வேண்டுமா என்று. பட்டியல் வந்த அன்று அவள் என்ன சொன்னாள் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. வேண்டும் என்றால் அவளே முதலில் சொசைட்டியின் ஆலோசக ஆசிரியரைப் பார்க்கட்டும். வீட்டில் என்ன பொறுப்பு இருக்கிறது என்று அவள் வாயால் சொல்லட்டும். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேர்வு நடத்துவீர்களா, எதைச் சேவையாக எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கட்டும். அதற்கு அப்புறமும் தேவைப்பட்டால் நீங்கள் இருவரும் முதல்வரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். அந்த லேப் மேசைப் பெண்ணின் மார்க்கை மட்டும் அங்கே எடுக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள். அவளும் ஒரு வீட்டிலிருந்துதான் வருகிறாள், அங்கே சாயங்காலம் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மாமனாருக்கு இப்போது பேச்சு எவ்வளவு தெளிவாக வருகிறது? எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா